டோக்கனா, சனலா, நேரமா? பல ஊர்த் தமிழர்களுக்கான வடிவமைப்பு ஆய்வு: முழு வழிகாட்டி

மதுரையில் தனியார் டாக்டரைப் பார்க்கப் போகிறவரிடம் கேட்கும் முதல் கேள்வி "எத்தனாவது டோக்கன்?" யாழ்ப்பாணத்தில் அதுவே "டொக்டரைச் சனல் பண்ணியாச்சோ?" என்றாகும் (சனல் என்றால் அங்கே தனியார் டாக்டரிடம் முன்பதிவு). சிங்கப்பூரில் பலதுறை மருந்தகத்துக்கு (பாலிகிளினிக்) போகிறவரிடம் தேதியும் மணியும் இருக்கும். இந்த மூன்றையும் ஆங்கிலத்தில் "அப்பாயின்ட்மென்ட்" என்ற ஒரே சொல்லுக்குள் அடைத்துவிட்டுத்தான் வடிவமைப்புக் குழு வேலையைத் தொடங்குகிறது. திரையில் ஒரு நாள்காட்டி, அதன் கீழே கால் மணி நேரக் கட்டங்கள். சிங்கப்பூருக்கு அது சரி. மதுரையில் டாக்டர் ஆறு மணிக்கு வருவார் என்று போர்டு சொல்லும், அவர் ஏழுக்கு வருவார். அங்கே நம்ப வேண்டியது வரிசை எண்ணை, கடிகாரம் வெறும் உத்தேசம். யாழ்ப்பாணத்தில் எண்ணும் உத்தேச நேரமும் சேர்ந்தே கிடைக்கும்.

இந்த மூன்று ஊர்களிலும் ஓடவேண்டிய ஒரு முன்பதிவுச் செயலியையே கடைசிவரை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வோம். மொழி ஒன்றுதானே என்று நினைக்கும் இடத்தில்தான் பிழைகள் கண்ணில் படாமல் போகின்றன.

படி 1: திரை எதை நம்புகிறது என்று எழுதுங்கள்

களத்துக்குப் போகும் முன் ஒரு நாள் முழுக்க இதற்கு ஒதுக்குங்கள். செயலியின் ஒவ்வொரு திரையையும் அச்செடுத்துச் சுவரில் ஒட்டி, அதன் கீழே "இந்தத் திரை எதை உண்மை என்று எடுத்துக்கொண்டிருக்கிறது?" என்று கேட்டுப் பதிலை எழுதுங்கள். போன் ஒரே ஆளுடையது. பதிவு செய்கிறவரே நோயாளி. பெயருக்கு இரண்டு பகுதி உண்டு. எந்த டாக்டர் என்பதை நோயாளிதான் முடிவு செய்கிறார். பணத்தை முன்கூட்டியே கட்டுவார். சொன்ன நேரம் என்றால் சொன்ன நேரம். எட்டுப் பத்துத் திரைகளிலிருந்தே இருபது முப்பது நம்பிக்கைகள் கிளம்பும்.

எல்லாவற்றையும் ஆராய நேரம் இருக்காது. பொய்யானால் செயலியே படுத்துவிடும் என்கிற ஆறேழை மட்டும் பொறுக்குங்கள். எந்த ஊரிலும் மாறாதவற்றை அப்போதே அடித்துவிடலாம். எழுத்துக்கும் பின்னணிக்கும் 4.5:1 மாறுபாடு வேண்டும், விரல் படும் பொத்தான் குறைந்தது 44 முதல் 48 அலகு இருக்க வேண்டும் என்பதற்கெல்லாம் யாழ்ப்பாணம் வரை போக வேண்டியதில்லை. கண்ணும் விரலும் எங்கும் ஒன்றே. களத்தில் கிடைக்கும் நேரத்தைப் பழக்கங்களுக்கு மிச்சம் பிடியுங்கள்.

நாட்டுப் பண்பாட்டு மதிப்பெண் அட்டவணைகளை யாராவது இந்தக் கட்டத்தில் நீட்டுவார்கள். அவற்றில் பெரிதும் அறியப்பட்ட ஹாஃப்ஸ்டீட் அளவுகோல், 1967 முதல் 1973 வரை ஐபிஎம் நிறுவன ஊழியர்களிடம் எடுத்த கணக்கெடுப்பிலிருந்து பிறந்தது. அதன் ஒவ்வொரு கூறிலும் இந்தியா முழுமைக்கும் ஒரே எண். அந்த எண் மதுரைக்கும் லூதியானாவுக்கும் ஒன்றே. யாழ்ப்பாணத்துத் தமிழர் பற்றியோ சிங்கப்பூர்த் தமிழர் பற்றியோ அது தனியாக எதுவும் சொல்லாது. அறிமுக உரைக்கு வேண்டுமானால் ஆகும், ஒரு பொத்தானை எங்கே வைப்பது என்று முடிவு செய்ய ஆகாது.

படி 2: ஆள் பிடிப்பது

ஊருக்கு எட்டுப் பேர், மூன்று ஊருக்கு இருபத்து நான்கு பேர். ஒவ்வொரு எட்டிலும் அறுபது வயது தாண்டிய இருவர், வேறொருவருக்காகப் பதிவு செய்யும் இருவர் (மகன், மருமகள், பக்கத்து வீட்டுப் பெண்), செயலியே தொடாத ஒருவர், வரவேற்பு மேசையில் இருக்கும் ஒருவர் கட்டாயம். மிச்சம் இருவரை வயது, தொழில் பார்த்து நிரப்புங்கள். வரவேற்பு மேசை ஆளை விட்டுவிடுவதுதான் வழக்கமான தவறு. டோக்கன் யாருக்கு முன்னே போகிறது, யாருக்குப் பின்னே போகிறது என்பது அவருக்குத்தான் தெரியும்.

செயலியைப் பயன்படுத்த வைத்துச் சோதிக்க "ஐந்து பேர் போதும்" என்ற கணக்கு 1993 வாக்கில் வந்தது. ஒரு சிக்கல் ஒருவரிடம் தட்டுப்படும் வாய்ப்பு சராசரி 31 சதவீதம் என்று வைத்தால், ஐந்து பேரில் அது வெளிப்பட 84 சதவீத வாய்ப்பு உண்டு என்பதே அதன் அடிப்படை. பத்தில் ஒருவருக்கு மட்டும் வரும் சிக்கல் என்றால் அதே ஐந்து பேரில் வெளிப்படும் வாய்ப்பு 41 சதவீதமாகக் குறைகிறது. அந்தக் கணக்கு எல்லாரும் ஒரே மாதிரியானவர்கள் என்ற எடுகோளில் நிற்பது. ஊருக்கு ஊர் பழக்கம் மாறும்போது, மொத்தம் ஐந்து பேர் என்பது ஊருக்கு ஒன்றரை ஆள்தான்.

ஆள் பிடித்துத் தரும் உள்ளூர்க்காரர் ஒருவரை மட்டும் நம்பாதீர்கள். அவர் தன் தெருவிலிருந்தும் சொந்தத்திலிருந்தும்தான் கூட்டி வருவார். நம் ஊரில் தெரு என்றால் பல நேரம் சாதியும்தான். எட்டுப் பேரும் ஒரே குரலில் பேசினால் அது ஊரின் குரல் என்று எழுதிவிடும் ஆபத்து இருக்கிறது. ஊருக்கு மூன்று பேரை, வேறு வேறு பகுதிகளிலிருந்து, தலைக்கு மூன்று ஆள் வீதம் கேளுங்கள். ஒருவர் வராமல் போனாலும் எட்டு நிற்கும்.

நாள் குறிக்கும்போது மதுரையில் சித்திரைத் திருவிழாவையும் முகூர்த்த நாட்களையும், யாழ்ப்பாணத்தில் நல்லூர்த் திருவிழாவின் இருபத்தைந்து நாட்களையும் தவிருங்கள். சிங்கப்பூரில் கட்டுமானத் தொழிலாளர்களைப் பார்க்க வேண்டுமென்றால் ஞாயிறுதான் வசதி.

படி 3: சொற்களைச் சோதிப்பது

கேள்வித்தாளையும் திரைச் சொற்களையும் தமிழாக்கி, வேறொருவரை வைத்து மீண்டும் ஆங்கிலமாக்கிச் சரிபார்ப்பது உலகெங்கும் உள்ள நடைமுறை. தமிழ் விஷயத்தில் இந்தச் சோதனையில் பெரிய ஓட்டை இருக்கிறது. "தேதி", "திகதி" இரண்டும் ஆங்கிலத்துக்குத் திரும்பும்போது ஒரே சொல்லாகிவிடும். சோதனை வெற்றி என்று தாளில் வரும். யாழ்ப்பாணத்துக்காரர் மட்டும், இது இந்தியாவில் செய்த செயலி என்று முதல் திரையிலேயே கண்டுகொள்வார்.

இன்னும் மோசமானவை ஒரே எழுத்தில் வேறு பொருள் தரும் சொற்கள். "மருந்தகம்" என்றால் மதுரையில் மருந்துக்கடை, சிங்கப்பூரில் டாக்டர் இருக்கும் இடம். "கிளினிக்" என்றால் தமிழ்நாட்டில் ஒரு டாக்டரின் சிறிய இடம். இலங்கையிலோ, சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் அரசு ஆஸ்பத்திரிக்கு மாதாமாதம் போய் வருவதைத்தான் "கிளினிக்குப் போறது" என்பார்கள். "கிளினிக்கைத் தேர்ந்தெடுக்கவும்" என்ற ஒரு பொத்தான் ஊருக்கு ஊர் வேறு கேள்வியைக் கேட்கிறது.

எழுத்துக்கூட்டலும் அப்படியே. தமிழ்நாட்டில் போலீஸ், டொரண்டோ. இலங்கையில் பொலிஸ், ரொறன்ரோ. ஊர்ப்பெயர், மருந்துப்பெயர் தேடும் பெட்டியில் இரண்டு வடிவமும், ஆங்கில எழுத்தில் தட்டும் தங்கிலீஷும் ஒரே விடைக்குப் போக வேண்டும்.

செய்யவேண்டியது இது: ஒவ்வொரு ஊரிலும் பிறந்து வளர்ந்த ஒருவர் தனித்தனியே மொழிபெயர்க்கட்டும். மூவரும் ஓர் அழைப்பில் உட்கார்ந்து, முரண்படும் சொற்களை மட்டும் பேசட்டும். பிறகு ஊருக்கு ஐந்து பேரிடம் திரையைக் காட்டி, "இந்தப் பொத்தானை அமுக்கினா என்ன நடக்கும்னு நினைக்கிறீங்க?" என்று கேளுங்கள். "இதன் பொருள் என்ன?" என்று கேட்டால் பரீட்சை போல ஆகிவிடும், அகராதிச் சொல்தான் வரும்.

படி 4: வீட்டுக்குள் உட்காருவது

ஒரு சந்திப்புக்கு எழுபத்தைந்து நிமிடம் வையுங்கள். அதில் பதினைந்து நிமிடம் காப்பிக்கும் தேத்தண்ணிக்கும் போகும். அந்த நேரத்தில் பதிவுக்கருவியை எடுக்க வேண்டாம். கொடுக்கும் காப்பியை மறுத்துவிட்டு வேலையைத் தொடங்கினால் பதில்கள் சுருங்கிவிடும். கேள்வி கேட்க ஒருவர், எழுத ஒருவர், அதற்கு மேல் ஆள் போனால் வீட்டில் கூட்டம் கூடும்.

விளி முக்கியம். மதுரையில் அக்கா, அண்ணே, அம்மா, ஐயா. யாழ்ப்பாணத்தில் அக்கா, அண்ணை, அம்மா, ஐயா. சிங்கப்பூரில் பெரியவர்கள் பலர் அங்கிள், ஆண்டி என்றழைத்தாலே இயல்பாக இருப்பார்கள். "பயனாளர் அவர்களே" என்று தொடங்கும் ஒப்புதல் படிவம் இந்தச் சூட்டை எல்லாம் ஆற்றிவிடும். ஒப்புதலைப் பேச்சுத்தமிழில் வாயால் சொல்லி, சம்மதத்தைக் குரலாகப் பதிவு செய்வது நல்லது. போர்க்காலத்துப் பெயர்ப் பதிவுகளையும் விசாரணைகளையும் பார்த்த ஊர்களில், கையெழுத்து கேட்கும் தாள் என்றாலே முகம் மாறும். சட்டமும் ஊருக்கு ஊர் வேறு: இந்தியாவில் 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், இலங்கையில் 2022-இன் 9-ஆம் இலக்கச் சட்டம், சிங்கப்பூரில் 2012-இன் சட்டம். இந்தியச் சட்டத்தில் பதினெட்டு வயது நிரம்பாதவர் குழந்தை, பெற்றோர் சம்மதம் வேண்டும்.

தனியாகப் பேச வேண்டும் என்று அடம்பிடிக்காதீர்கள். மாமியாரோடு பேசும்போது மருமகள் குறுக்கே பதில் சொன்னால் அதுவே தரவு. செயலியை இயக்கப்போவது அவர்தான். யார் பதில் சொன்னார், யாரைப் பார்த்துவிட்டுச் சொன்னார் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். பெண்களின் உடல்நலம், கடன், மது பற்றி மட்டும், பெண் ஆய்வாளர் ஒருவர் அடுப்படியிலோ வாசலிலோ தனியே கேட்கட்டும்.

"இந்தச் செயலியைப் பயன்படுத்துவீர்களா?" என்ற கேள்விக்கு வீடு தேடி வந்தவரிடம் இல்லை என்று சொல்ல யாருக்கும் மனம் வராது. நடந்ததைக் கேளுங்கள். "கடைசியா டாக்டர்கிட்ட போனது என்னைக்கு? அன்னைக்குக் காலையில எந்திரிச்சதுல இருந்து சொல்லுங்க." யாழ்ப்பாணத்தில், "கடைசியா எப்ப ஆஸ்பத்திரிக்குப் போனனீங்கள்? ஆர் கூட்டிக்கொண்டு போனது?" ஐந்து படி அளவுகோலில் "ஓரளவு உடன்படுகிறேன்" என்று வாழ்க்கையில் யாரும் பேசுவதில்லை. அதற்குப் பதில் இரண்டு அட்டைகளைக் கையில் கொடுத்து, எது அம்மாவுக்கு ஆகும், எது ஆகாது என்று கேட்டால் காரணமும் தானாக வரும்.

காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். "நல்லாத்தான் இருக்கு" என்பதில் வரும் அந்தத் "தான்" பாராட்டு அல்ல, பின்னால் ஓர் "ஆனா" நிற்கிறது. "பாக்கலாம்" என்றால் பெரும்பாலும் முடியாது. "சரிங்க" என்றால் கேட்டுக்கொண்டேன் என்பது மட்டும்தான். காணொளியை வெளிநாட்டுக் குழு பார்க்கப்போகிறது என்றால், பக்கவாட்டில் தலையாட்டுவது ஆமாம் என்பதை முன்பே எழுதிக் கொடுங்கள். மறுப்பு என்று குறித்துவிடுவார்கள்.

அன்பளிப்பைத் தொடக்கத்திலேயே கொடுத்து, என்ன பதில் சொன்னாலும் இது உங்களுடையது என்று சொல்லிவிடுங்கள். கடைசியில் கொடுத்தால் கூலி போலத் தோன்றும், பதில்களும் இனிப்பாகிவிடும்.

படி 5: பண்பாடு என்று எழுதும் முன் நான்கு கேள்வி

பெரும்பாலான ஆய்வுகள் கெடுவது இங்கேதான். களத்தில் விசித்திரமாக எதைக் கண்டாலும் "இது அவர்கள் பண்பாடு" என்று எழுதிவிடுவது எளிது. அப்படி எழுதியதும் யோசனை நின்றுவிடும். பண்பாட்டை மாற்ற முடியாதே என்று குழுவும் கையைக் கட்டிக்கொள்ளும்.

ஒரு காட்சியை எடுத்துக்கொள்வோம். அறுபத்தைந்து வயது அம்மா, போன் கையில் இருந்தும் டோக்கன் போட மகனிடம் கொடுக்கிறார். காரணம் என்ன?

பழக்கமாக இருக்கலாம்: ஆஸ்பத்திரிக் காரியம் என்றால் அந்த வீட்டில் மகன்தான் பார்ப்பார், அதில் ஒரு பெருமையும் உண்டு. நிலைமையாக இருக்கலாம்: கண்ணாடி உடைந்திருக்கிறது, டேட்டா தீர்ந்திருக்கிறது. விதியாக இருக்கலாம்: சிம் மகன் பெயரில் இருக்கிறது, காப்பீட்டு அட்டையில் அவர் எண்தான் பதிவாகியிருக்கிறது, ஓடிபி அங்கேதான் போகும். கருவியாக இருக்கலாம்: எழுத்து சின்னது, மொழியை மாற்றும் இடம் மூன்று திரை தாண்டி ஆங்கிலத்தில் இருக்கிறது.

நான்குக்கும் தீர்வு வேறு. பழக்கம் என்றால் "வேறொருவருக்காகப் பதிவு" என்பதை முதல் திரைக்குக் கொண்டுவர வேண்டும். நிலைமை என்றால் தொலைபேசி அழைப்பில் டோக்கன். விதி என்றால் இரண்டாவது எண் ஒன்றைச் சேர்க்க இடம். கருவி என்றால் எழுத்தைப் பெரிதாக்கு, மொழிப் பொத்தானை முன்னே வை. பண்பாடு என்று பொத்தாம்பொதுவாக எழுதியவர் முதலாவதை மட்டும் செய்துவிட்டு, கண்ணாடி போட்டால் தானே செய்துகொள்ளக்கூடிய அம்மாவை நிரந்தரமாக மகனிடம் ஒப்படைத்துவிடுகிறார்.

பிரித்தறிய ஒரே வழி, அங்கேயே காரணத்தை நீக்கிப் பார்ப்பது. எழுத்தைப் பெரிதாக்கிய திரையைக் கையில் கொடுங்கள். அதற்குப் பிறகும் மகனைத் தேடினால் அடுத்த காரணத்துக்குப் போங்கள். மூன்றையும் நீக்கிய பிறகும் நிற்பதைத்தான் பழக்கம் என்று எழுத வேண்டும். இதற்காகக் களத்துக்கு ஒரே திரையின் மூன்று மாதிரிகள், ஒரு படிக்கும் கண்ணாடி, டேட்டா உள்ள ஒரு போன் எடுத்துப்போவது நல்லது.

குறிப்பேட்டில் ஐந்து பத்திகள் போதும்: கண்டது, அவர் சொன்ன அதே சொற்கள் (தமிழில், மொழிபெயர்க்காமல்), யார் உடனிருந்தார், நான்கில் எது, நீக்கிப் பார்த்ததில் என்ன ஆனது. அறிக்கை ஆங்கிலத்தில் போனாலும் இரண்டாவது பத்தியை அழிக்காதீர்கள். அந்தத் "தான்" அங்கேதான் உயிரோடு இருக்கும்.

படி 6: பெயர் என்ற ஒரே கட்டத்தில் இரண்டும் மோதுவது

உள்ளூரும் உலகமும் நேருக்கு நேர் முட்டுவதைப் பார்க்கப் பெயர் எழுதும் கட்டத்தைவிட நல்ல இடம் இல்லை. முருகேசன் மகன் செந்தில் என்று வையுங்கள். தமிழ்நாட்டில் அவர் மு. செந்தில். பாஸ்போர்ட்டில் செந்தில் முருகேசன் ஆகியிருக்கலாம், அல்லது வெறும் செந்தில். இலங்கையில் தந்தை பெயர் முழுதாக முன்னே வந்து முருகேசன் செந்தில். சிங்கப்பூரில் செந்தில் எஸ்/ஓ முருகேசன், மலேசியாவில் நடுவில் ஏ/எல். பெண்ணானால் டி/ஓ, ஏ/பி. திருமணத்துக்குப் பின் தமிழ்நாட்டுப் பெண்கள் பலருக்கு முன்னெழுத்தே மாறுகிறது, பழைய மருத்துவக் கோப்பு பழைய எழுத்தில் கிடக்கும்.

முதற்பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டு கட்டம் வைத்த படிவம் இவர்களில் யாருக்கும் நேராகப் பொருந்தாது. அதற்காக உலக விதியை ஒதுக்கவும் முடியாது. ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டுக்கு அமெரிக்க விசாவில் முதற்பெயர் இடத்தில் எஃப்என்யூ (முதற்பெயர் தெரியவில்லை என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று அச்சாகிறது. 2022 நவம்பரில், ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டோடு வருகிறவர்களுக்கு விசிட் விசாவில் அனுமதி இல்லை என்று ஐக்கிய அரபு அமீரகம் அறிவித்தபோது, தென்னிந்தியர்கள் பலர் பாதிக்கப்பட்டார்கள்.

ஆகவே திரையில் ஒரே கட்டம்: "முழுப்பெயர், அடையாள அட்டையில் உள்ளபடி." அடுத்து விருப்பக் கட்டம்: "உங்களை எப்படிக் கூப்பிட வேண்டும்?" வரவேற்பு மேசையில் அழைப்பது அதைத்தான். புள்ளி, சாய்கோடு, இடைவெளி, ஒற்றை எழுத்து எல்லாவற்றையும் ஏற்க வேண்டும். குறைந்தது இத்தனை எழுத்து என்ற நிபந்தனை கூடாது. காப்பீட்டு நிறுவனத்தின் அமைப்பு இரண்டு கட்டம் கேட்டால், பின்னால் பிரித்து, பிரித்ததை அவரிடமே காட்டி உறுதி வாங்கிய பிறகு அனுப்புங்கள். ஒரே ஆள்தானா என்று பொருத்திப் பார்க்கப் பெயரை நம்பாதீர்கள். போன் எண்ணையும் மட்டும் நம்ப முடியாது, அதே எண்ணில் அப்பா, அம்மா, மாமியார் மூவரும் இருப்பார்கள். எண்ணோடு பிறந்த ஆண்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

படி 7: எதைப் பொதுவாக வைப்பது, எதை மாற்றுவது

கண்டவற்றை மூன்று அடுக்கில் வையுங்கள். எங்கும் ஒன்றாக இருப்பவை ஓர் அடுக்கு. அமைப்பில் மாற்றிக்கொள்ளக் கூடியவை அடுத்தது: போன் எண் இந்தியாவில் 10 இலக்கம், இலங்கையில் 94-க்குப் பின் 9, சிங்கப்பூரில் 8, அஞ்சல் எண் இந்தியாவிலும் சிங்கப்பூரிலும் 6, இலங்கையில் 5. காற்புள்ளி இந்தியாவில் 1,00,000 என்று விழும், மற்ற இரண்டிலும் 100,000. இலங்கையில் எழுதுவது அப்படி, வாயால் சொல்வதோ லட்சம்.

மூன்றாம் அடுக்கு, தனியாகவே வடிவமைக்க வேண்டியவை. டோக்கன், சனல், நேரம் அங்கே வரும். மதுரைத் திரையில் நாள்காட்டி இருந்தாலும் பெரிதாகத் தெரிய வேண்டியது "இப்போது உள்ளே: 9, உங்கள் எண்: 14." மூன்றாம் அடுக்கில் மூன்று நான்குக்கு மேல் சேர்ந்தால் பராமரிக்க ஆள் இருக்காது. கறாராக இருங்கள்.

ஒரு ஊரில் கண்டது அந்த ஊருக்கு மட்டும் என்று பூட்டிவைக்கவும் வேண்டாம். 2003-இல் வந்த நோக்கியா 1100-இன் டார்ச் விளக்கும் தூசி புகாத பொத்தான் பலகையும் வளரும் நாடுகளை மனதில் வைத்துச் செய்தவை. அந்தப் போன் உலகெங்கும் 25 கோடிக்கு மேல் விற்றது. 2007-இன் நோக்கியா 1200, ஒரே போனைப் பலர் பகிர்வதைக் கணக்கில் எடுத்து ஐந்து தனித்தனி எண் பட்டியல்களைத் தந்தது. "வேறொருவருக்காகப் பதிவு" மதுரையில் கண்டதாக இருக்கலாம், சிங்கப்பூரில் வேலைக்குப் போகும் மகளுக்கும் அது வேண்டும்.

குறுஞ்செய்திக்குத் தனி எச்சரிக்கை. ஆங்கிலத்தில் ஒரு செய்திக்கு 160 எழுத்து, தமிழில் 70. அதைத் தாண்டினால் துண்டுக்கு 67. அதிலும் கணக்கு நாம் எண்ணுவது போல இல்லை. "வணக்கம்" கண்ணுக்கு ஐந்து எழுத்து, புள்ளிகள் தனியாக எண்ணப்படுவதால் கணினிக்கு ஏழு. மரியாதையாக வணக்கத்தில் தொடங்கி வாழ்த்தில் முடிக்கும் செய்தி மூன்று துண்டாகும், செலவும் மும்மடங்கு. "டோக்கன் 14" முதலில் வரட்டும், மற்றது பின்னால். இந்தியாவில் வணிகக் குறுஞ்செய்தியின் வாசக வார்ப்பு ஒவ்வொன்றையும் தொலைத்தொடர்பு நிறுவனங்களின் டிஎல்டி என்ற பதிவுத் தளத்தில் பதிந்து ஒப்புதல் வாங்க வேண்டும். படி 3-ஐ முடிக்காமல் பதிந்தால் மறுபடி வரிசையில் நிற்க நேரும்.

பொத்தான்களின் அகலத்தை நீளமான தமிழ்ச் சொல்லை வைத்து அளந்து பாருங்கள். "சமர்ப்பிக்கவும்" நுழையாவிட்டால் எழுத்தைச் சிறிதாக்காமல் "அனுப்பு" என்று மாற்றுங்கள்.

படி 8: வெளியிட்ட பின்

மூன்று மாதம் கழித்து ஊர்வாரியாக மூன்றை மட்டும் பாருங்கள்: எந்தக் கட்டம் காலியாக விடப்படுகிறது, எந்தத் திரையில் திரும்பிப் போகிறார்கள், பதிவு செய்தும் எத்தனை பேர் வரவேற்பு மேசைக்குப் போன் போட்டு "என் பேரு இருக்கா?" என்று கேட்கிறார்கள். கடைசி எண் எந்தச் செயலியின் கணக்கிலும் பதிவாகாது. மேசைக்காரரிடம் ஒரு நோட்டும் பேனாவும் கொடுத்து, இரண்டு வாரம் கோடு போடச் சொல்லுங்கள்.